பக்கத்து வீட்டுத் தறிக்குழியும் எங்கள் மூன்று நாள் கடலும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ரேஷன் கடை வரிசையில் எவளாவது நடுவில் நுழைந்தால் அவள் பரம்பரையையே இழுத்து நடுத்தெருவில் விட்டுவிடுவேன். அப்பேர்ப்பட்ட நான் ஒரு விஷயத்தில் மட்டும் மூன்று வருடமாக வாயைத் திறக்காமல் இருக்கிறேன். எழுதவும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

காஞ்சிபுரத்தில் எங்கள் வீடு ஒரு சந்தின் கடைசியில் இருக்கிறது. அங்கே இரண்டே வீடு. ஒன்று எங்களுடையது, இன்னொன்று அக்காவுடையது. கூடப் பிறந்தவள் அல்ல, பக்கத்து வீட்டுக்காரி. கல்யாணமாகி வந்த முதல் நாளிலிருந்து அக்கா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன். எனக்குப் பிரசவ வலி வந்தபோது ஆட்டோ பிடித்தவள் அவள். என் மகளுக்கு முதல் சோறு ஊட்டியவளும் அவள்தான்.

அவர்கள் வீட்டில் தறி உண்டு. எங்கள் வீட்டிலும் இருந்ததுதான். என் வீட்டுக்காரர் ஏனாத்தூர்ப் பக்கம் காலேஜ் பஸ் ஓட்டப் போன பிறகு குழியில் மண்ணைக் கொட்டி மூடி, மேலே டைல்ஸ் ஒட்டி, டிவியை வைத்துவிட்டோம். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மழைக்காலத்தில் தண்ணீர் மொள்ளுகிற வேலை ஒழிந்தது என்று சந்தோஷம்தான்.

அந்தத் தண்ணீர் சமாசாரத்தைச் சொல்லியாக வேண்டும். நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டுத் தறியை மிதிப்பார். அதற்காகத் தோண்டியதுதான் தறிக்குழி. அடைமழை பிடித்தால் அதில் அடியிலிருந்து தண்ணீர் ஊறும். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் மொண்டு வெளியே ஊற்றிவிட்டால் பயமில்லை. விட்டுவிட்டால் ஏறிக்கொண்டே வந்து தரையையும் தாண்டிவிடும். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டு நூலைப் பாவு என்போம். அது தரைக்கு ஒரு சாண் மேலேதான் ஓடும்.

அந்தக் கார்த்திகையில் வேலூரில் இருந்த அக்காவின் மகளுக்குக் குறித்த நாளைக்கு முன்பே வலி எடுத்துவிட்டது. ஆபரேஷன் என்று போன் வந்தது. அக்காவும் அவள் புருஷனும் கட்டிய துணியோடு கிளம்பினார்கள். வாசலில் நின்று அக்கா வீட்டுச் சாவியை என் கையில் வைத்தாள்.

"குழியில தண்ணி ஊறும்மா. ரெண்டு வேளையும் மொண்டு ஊத்திடு. முகூர்த்தப் புடவ அது. பாவ குடுக்கும்போதே மொதலாளி சொல்லிட்டாரு, இதுல ஒரு கறை வந்தாலும் அடுத்த பாவு உங்க வூட்டுக்கு வராதுன்னு."

"நீ போய் பொண்ணப் பாருக்கா. உன் தறி என் தறி" என்றேன்.

உன் தறி என் தறி என்று என்னை யாரும் சொல்லச் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன். பாவும் நெய்கிற கூலியும் கொடுக்கிற முதலாளி சொன்னது வெறும் மிரட்டல் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். தீபாவளிக்கு முன்னால் எலி கடித்து ஒரு புடவை வீணாகியிருந்தது. இன்னொன்று போனால் அவர் வேறு வீட்டைப் பார்த்துக்கொள்வார். பாவு வராவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அக்காவின் புருஷனுக்கு ஐம்பத்தெட்டு வயது. தறியைத் தவிர வேறு வேலை தெரியாத மனுஷன்.

மறுநாள் காலை மழைக்காக லீவு விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடமும் கிடையாது, காலேஜும் கிடையாது. என் வீட்டுக்காரர் போனும் கையுமாகச் சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஏய், கெளம்பு. மாமல்லபுரத்துல நம்ம கூட வண்டி ஓட்றவனோட மச்சான் லாட்ஜ் பாத்துக்கறான். மழைக்கு பயந்து எல்லாரும் கேன்சல் பண்ணிட்டாங்களாம். ரூமெல்லாம் காலியா கெடக்குது, சும்மா வந்து தங்குங்கன்றான்."

"மழையில கடலுக்கா? புத்தி கித்தி பெசகிடுச்சா உனக்கு?"

கத்தத்தான் செய்தேன். ஆனால் உள்ளுக்குள் ஆசை முளைத்துவிட்டது. கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் நான் ராத்தங்கிய இடமெல்லாம் கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, சாவு வீடு. லாட்ஜில் ரூம் எப்படி இருக்கும் என்று சினிமாவில் பார்த்ததோடு சரி. பதினோரு வயது மகள் அதற்குள் ஸ்கூல் பையைக் கவிழ்த்துப் புத்தகத்தைக் கொட்டிவிட்டுத் துணியை அடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

அக்காவுக்கு ஒரு போன் செய்து, "ரெண்டு நாள் வெளியூர் போறேன்க்கா, சாவிய யாராண்ட குடுக்கட்டும்" என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். வாலாஜாபாத்தில் அவள் கொழுந்தனார் இருக்கிறார், வந்து வாங்கிக்கொண்டு போயிருப்பார். கேட்கவில்லை. உன் தறி என் தறி என்று நேற்றுப் பேசிவிட்டு இன்றைக்கு ஊர் சுற்றப் போகிறேன் என்று சொல்ல ரோஷம் இடம் கொடுக்கவில்லை. ஒரு ராத்திரிதானே, நாளைச் சாயங்காலம் திரும்பிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்கா வீட்டைத் திறந்தேன். குழியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அதைச் சுத்தமாக மொண்டு கொட்டினேன். பிறகு எங்கள் வீட்டில் வற்றல் காயவைக்கிற பெரிய பிளாஸ்டிக் தாளைக் கொண்டுவந்து பாவின் மேல் போர்த்தி, நான்கு பக்கமும் கல் வைத்தேன். தறி வீட்டுக்கு வாழ வந்தவள் செய்யக்கூடாத வேலை அது. ஈரக்காலத்தில் பட்டின் மேல் பழைய நூல் சேலையைத்தான் போர்த்துவார்கள். பிளாஸ்டிக்கைப் போட்டால் குழியிலிருந்து எழும்புகிற ஈரம் தாளுக்கு அடியில் வேர்த்து, நூலின் மேலேயே சொட்டும். என் மாமியார் இதற்காக ஒருமுறை என்னைத் திட்டியும் இருக்கிறார். அந்த அவசரத்தில் எனக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. என் பையில் என்ன புடவை வைப்பது என்ற யோசனையில் இருந்தேன்.

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். வழி நெடுக மழை. இறங்கியதும் காற்று குடையைப் பிடுங்கியது. அது தலைகீழாக மடங்கி, ரோட்டில் உருண்டு ஓடியது. என் வீட்டுக்காரர் அதன் பின்னாலேயே ஓட, ஒரு நாயும் கூட ஓட, நானும் மகளும் பஸ் ஸ்டாண்டில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம். குடை கடைசிவரை கிடைக்கவே இல்லை. அதன் பிறகு நனைவதைத் தவிர வேறு வழியில்லை என்றாகிவிட்டது. அந்த விடுதலை இருக்கிறதே, அடேயப்பா.

கடற்கரையில் ஒரு ஈ காக்கை கிடையாது. சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். ரெயின்கோட் போட்ட போலீஸ்காரர் ஒருவர் யாராவது தண்ணீர்ப் பக்கம் போனால் விசிலை ஊதி விரட்டினார். எங்களைத் தவிர விரட்டுவதற்கு அவருக்கும் ஆள் இல்லை. அலை பனைமர உயரத்துக்கு எழும்பி விழுந்தது. வானம் எது, கடல் எது என்று தெரியவில்லை. நான் புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் ஆடினேன். ஆமாம், ஆடினேன். முப்பத்தாறு வயதில், மகளுக்கு எதிரில். ஊரில் செத்தாலும் என் கையைப் பிடிக்காத மனுஷன் அங்கே விரலைக் கோத்துக்கொண்டு நடந்தார். மகள் எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தாள். பிறகு மூன்று பேரும் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு ஒன்று எடுத்தோம். அதை அவர் உடனே வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸாகப் போட்டுக்கொண்டார். நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

பாறையைக் குடைந்த மண்டபம் ஒன்றில் மழைக்கு ஒதுங்கினோம். ஏழெட்டு ஆடுகள் எங்களுக்கு முன்பே அங்கே இடம் பிடித்திருந்தன. ஆட்டு வாடையோடு சூடான வேர்க்கடலையைத் தின்றுகொண்டு, தூண்களுக்கு நடுவே மகளோடு ஓடிப் பிடித்து விளையாடினேன். சாயங்காலம் ஒரு மீன் கடை. தார்ப்பாயில் மழைத் தண்ணீர் தொப்பையாகத் தொங்கும். கடைக்காரம்மா கழியால் குத்திவிடுவாள். ஒவ்வொரு முறையும் அது சரியாக என் வீட்டுக்காரர் தலையில்தான் கொட்டும். சங்கரா மீன் வறுவலை நாக்கு சுடச்சுடத் தின்றோம்.

"போட் கடலுக்குப் போயி நாலு நாளாச்சி, இது ஐஸ்ல வச்ச மீனுதான். உங்களுக்குத்தான் மழ ஜாலியா கீது" என்றாள் அந்த அம்மாள்.

எனக்குச் சுருக்கென்றது. காசு கொடுத்துத் தின்ன வந்தவளிடம் என்ன பேச்சு இது என்று கோபம்கூட வந்தது. மழையில் தொழில் நின்றுபோகிற தெருவிலிருந்துதான் நானும் வந்திருக்கிறேன் என்பது அப்போது புத்தியில் ஏறவே இல்லை.

மறுநாள் காலை, கடலைப் பார்த்த பால்கனியில் தலைமுடியைப் பிழிந்துகொண்டு நின்றபோது அக்காவிடமிருந்து போன் வந்தது. பேத்தி பிறந்திருக்கிறாள், தாயும் பிள்ளையும் நலம் என்றாள். பிறகு கேட்டாள்.

"இன்னாம்மா, அங்க மழ எப்படி? டிவியில நம்ம ஊர பெருசா சொல்லிக்கினு இருக்கறாங்களே?"

"டிவிக்காரனுக்கு வேற இன்னா வேல? இங்க வெறும் தூறல்க்கா. ரெண்டு வேளையும் மொண்டு ஊத்திட்டேன். குழி காஞ்சி கெடக்குது."

"பின்னால இன்னா அவ்ளோ இரைச்சல்?"

"மிக்சிக்கா. சட்னி அரைக்கிறேன்."

எதிரில் அவ்வளவு பெரிய கடல். அதை மிக்சி ஆக்கிவிட்டேன். குரல் கொஞ்சம்கூட இடறவில்லை.

"நீ இருக்கறதாலதாம்மா நான் இங்க நிம்மதியா இருக்கறேன்" என்றாள் அக்கா. "கொழுந்தனாரு வாலாஜாபாத்துலருந்து ஒரு எட்டு வந்து தறிய பாக்கட்டுமான்னு கேட்டாரு. அவ பாத்துக்கறா, நீ மழையில அலையாதன்னு சொல்லிட்டேன்."

அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். "அனுப்புக்கா, நான் ஊர்ல இல்ல" என்று நான்கு வார்த்தை. "சரிக்கா, கொழந்தய பாத்துக்கோ" என்று வைத்துவிட்டேன்.

மகள் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா பெரியம்மாகிட்ட பொய் சொன்ன?" என்று கேட்டாள். பெரியவர்கள் பேசும்போது வாயை மூடிக்கொண்டிரு என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

அதைவிடக் கேவலம் ஒன்று பாக்கி இருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்காரர் பையை எடுத்து வைத்தார். "கெளம்பலாம், அந்த தறி ஞாபகமாவே இருக்குது" என்றார். நான்தான் இன்னும் ஒரே ஒரு நாள் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். கட்டிலில் படுத்துக்கொண்டே ஜன்னல் வழியாக அலை தெரிந்தது. எனக்காக யாரோ காபி கொண்டுவந்து கதவைத் தட்டினார்கள். அந்த சுகத்தை விட்டு எழ எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஊர் வந்து சேர்ந்தோம். எங்கள் சந்தில் முட்டிவரை தண்ணீர் ஓடி வடிந்த அடையாளம் தெரிந்தது. பையைக்கூட வைக்காமல் அக்கா வீட்டைத் திறந்தேன்.

குழி நிரம்பித் தரைக்கு வந்திருந்தது. பிளாஸ்டிக் தாள் பாவின் மேல் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கிடந்தது. உரித்து எடுத்தேன். சந்தன நிற உடல், அரக்குக் கரை. அந்த அரக்குச் சாயம் ஈரத்தில் இளகி, சந்தனத்தின் மேல் வெற்றிலைச் சாறு துப்பின மாதிரி நீளத்துக்கு இறங்கியிருந்தது. நெய்து முடித்த பாதியும் போயிற்று, நெய்ய இருந்த பாவும் போயிற்று.

வாளியை எடுத்து மொள்ள ஆரம்பித்தேன். பிளாஸ்டிக் வாளிப் பிடி அறுத்து உள்ளங்கை இரண்டும் கொப்பளித்தது. என் வீட்டுக்காரர் உதவ வந்தபோது "கிட்ட வராத, போ" என்று கத்தினேன். அவரை இன்னும் ஒரு நாள் இருக்கச் சொன்னவள் நான். திட்டு வாங்கியது மட்டும் அவர். பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி எங்கள் பாத்ரூம் கூரைமேல் எறிந்தேன். பொழுது சாய்வதற்குள் குழி காலி.

மறுநாள் காலை அக்காவும் புருஷனும் வந்தார்கள். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அக்கா உள்ளே போய்த் தறியைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் புருஷன் குழிக்குள் இறங்கி, சுவரைக் கையால் தடவினார்.

"செவுத்துல ஒரே கோடுதான் கீது" என்றார்.

மொண்டு மொண்டு ஊற்றியிருந்தால் தண்ணீர் நின்ற அடையாளம் படிப்படியாக நாலைந்து இடத்தில் இருக்கும். ஒருமுறை மட்டும் உச்சிவரை ஏறி நின்றால்தான் ஒற்றைக் கோடு விழும். நெய்கிறவர் கண்ணுக்கு அது தப்பாது.

"நீ சும்மா இருய்யா" என்றாள் அக்கா.

அவள் வெளியே வந்து, சந்து முனையில் நின்ற பெண்களிடம் என் தோளைத் தொட்டுக் காட்டிச் சொன்னாள். "பாவம், மூணு நாளா தூங்காம மொண்டுருக்குது. கையப் பாருங்க எப்படி பொத்துப் போயிருக்குதுன்னு. இத்தன பண்ணியும் தண்ணி ஏறிடுச்சி. மழைக்கு யாரு இன்னா பண்றது?"

அந்தப் பெண்கள் என் கையைப் பிடித்துப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். அந்த மூன்று நாள் மழையில் எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. சந்துக் கடைசியில் எங்கள் வீடு பூட்டிக் கிடந்தது யாருக்கும் தெரியாது. ஒருத்தி ஓடிப்போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவினாள். ரேஷன் கடையில் முழங்குகிற வாய் அன்றைக்கு எங்கே போயிற்றோ தெரியாது. பூமி பிளந்து உள்ளே போகமாட்டோமா என்றிருந்தது. அக்கா திரும்பவும் வீட்டுக்குள் போய், ஈரத்துணியால் குழிச் சுவரை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். சுத்தம் செய்கிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் முதலாளி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், பாவைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனார்.

"வீட்ட பூட்டிட்டுப் போனா தறிய யாரு பாக்கறது? இது கல்யாணப் புடவய்யா. நான் அவங்களுக்கு இன்னா பதில் சொல்றது?"

அக்காவின் புருஷன் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா என்னை முன்னால் இழுத்தாள். "பூட்டிட்டுப் போவலீங்க. இவகிட்ட ஒப்படச்சிட்டுத்தான் போனேன். நீங்களே கேளுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நிஜத்தைச் சொன்னால் அக்கா வீட்டுக்கு இனிமேல் பாவு கிடையாது. என் தலையும் உருளும், ஆனால் சாப்பாடு போவது அவர்களுக்கு. நான் ஆரம்பித்தேன். வேளைக்கு மூன்று தரம் மொண்டேன் என்றேன். என் வீட்டுக்காரரும் கை கொடுத்தார் என்றேன். நூல் சேலை போர்த்தினேன், அதையும் மீறி ஈரம் ஏறிவிட்டது என்றேன். நடுவில் கண்கூடக் கலங்கியது. அது நிஜமான கண்ணீர்தான், காரணம்தான் வேறு. கடைசியில் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

முதலாளி பெருமூச்சு விட்டார். "சரி, மழைக்கு யாரைச் சொல்றது. அவங்ககிட்ட நான் பேசிக்கறேன். வெள்ளிக்கிழம வந்து வேற பாவு எடுத்துக்கினு போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டிச் சத்தம் ஓய்ந்தது. அக்காவின் புருஷன் பின்கட்டுக்குப் போனார். நானும் அவளும் மட்டும் நின்றோம். இனி தாங்காது, சொல்லிவிடலாம் என்று "அக்கா, நான் வந்து…" என்று தொடங்கினேன்.

"தெரியும்மா" என்றாள். கறைபட்ட பாவைச் சுருட்டிக்கொண்டே பேசினாள், என்னைப் பார்க்கவில்லை. "உங்க வூட்டுக்காரரு போட்ட போட்டோவ எம்பொண்ணு அன்னிக்கே பாத்துட்டாளாம். ஊருக்குக் கெளம்பறப்பதான் எங்கிட்ட சொன்னா. மூணு பேரும் நனஞ்சிக்கினு, சிரிச்சிக்கினு, நல்லா இருந்துச்சாம்."

"அப்புறம் ஏன்க்கா தெருவுல, மொதலாளிகிட்ட…"

"எனக்குப் பாவு வேணுமே" என்றாள் அக்கா. "எங்க வூட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. நான் சொன்னா குரல் நடுங்கும். உனக்கு நடுங்காதுன்னு நெனச்சேன். அன்னிக்கு போன்ல நடுங்கலியே. அதான் உன்ன நிக்க வச்சேன்."